குட்மேய்ஸில் நான் கட்டாத பயிற்சிக் கட்டணம்

புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், தேநீர் போடும் இடத்தில் என்னை மடக்கி, குரலைத் தாழ்த்தி, ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அக்கா, அந்த கோர்ஸுக்குக் காசு கட்டலாமோ?" எந்த கோர்ஸ் என்று நீங்கள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. கடன் ஆலோசகராக்கித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு லண்டனில் எப்போதும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். எழுதித் தருகிறேன், வாசியுங்கள்.

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவது வழக்கம். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் ஒரு கடன் ஆலோசனை நிலையத்தில் ஆட்கள் வந்து போகிற வேகத்தைப் பார்த்தால், சில வருடங்கள் நின்று பிடித்தவளே மூத்தவள். இதில் வருகிற ஒருவரின் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன். யார் என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். முயல்கிறவர்கள் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார்கள்.

அப்போது நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பொருளியல் படித்தவள் என்பதால் அந்தக் கதிரை கிடைத்தது. அதே காரணத்தால் அது அலுத்தும் போனது. சனிக்கிழமைகளில் தென் லண்டனில், ஸ்ட்ரெதமில், நமது நிலையத்தின் முன்மேசையில் தொண்டராக இருப்பேன். பெயர் எழுதுவது, தண்ணீர் கொடுப்பது, நகல் எடுப்பது. ஆலோசகராக வேண்டும் என்று கேட்டேன். "இலவசமாகப் பயிற்சி தருவோம். இடம் வரும்வரை பொறு, உள்ளே இருந்து கவனி" என்றார்கள். எப்போது இடம் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பொறு என்ற சொல் எனக்குச் செமிக்காது.

அந்த நேரம்தான் ஒரு தமிழ்க் கடையில் அந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கண்டேன். காசு கொடுக்கும் இடத்தில், மரண அறிவித்தல்களுக்கும் நடன வகுப்பு விளம்பரத்துக்கும் நடுவில் இருந்தது. எங்கள் சமூகத்துக்கு எங்கள் மொழியில் பேசும் கடன் ஆலோசகர்கள் தேவை, வார இறுதி வகுப்பு, சான்றிதழ், சொந்த அலுவலகம். இடம் கிழக்கு லண்டனின் கோடியில் உள்ள குட்மேய்ஸ். கட்டணத்தைக் கேட்டபோது, நான் தனியாக ஓர் அறை எடுத்துப் போவதற்காகச் சேர்த்துவைத்த காசு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும் என்று தெரிந்தது.

உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது சந்தேகம் வந்தது குட்மேய்ஸ்மேல் அல்ல, ஸ்ட்ரெதம்மேல். சும்மா கொடுப்பதில் என்ன இருக்கப்போகிறது? நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. கணக்குக்கு டியூஷன், ஆங்கிலத்துக்கு டியூஷன், கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வுக்கு டியூஷன், வீணைக்கும் மிருதங்கத்துக்கும் காசு. கட்டணம் கட்டாத படிப்பை எங்கள் வீடுகளில் படிப்பாகவே எண்ணுவதில்லை. அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"சும்மா சொல்லித் தாறவை என்னத்தைச் சொல்லித் தருவினம் பிள்ளை? காசு வாங்கிறவைக்குத்தான் பொறுப்பு இருக்கும்."

"காசு வாங்கிற எல்லாருக்குமோ அம்மா?"

"உன்ர கெமிஸ்ட்ரி சேர் வாங்கினவர்தானே. பாஸ் பண்ணினியோ இல்லையோ?"

பாஸ் பண்ணியிருந்தேன்தான்.

இருந்தும் உடனே கட்டவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த என்னைக் காசு கட்டும் பக்கம் தள்ளிவிட்டது நான் விட்ட ஒரு பிழை.

ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. நனைந்த மேலங்கியோடு ஒரு பெண் வந்தார். நாற்பதுகளின் கடைசியில் இருப்பார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் தொடங்கினார். "ஒரு சிநேகிதிக்காக விசாரிக்க வந்தனான்." நமது நிலையத்தில் ஒரு மாதம் இருந்தாலே உங்களுக்கும் விளங்கிவிடும்: அந்தச் சிநேகிதி எப்போதும் அதே கதிரையில்தான் இருப்பாள். சிநேகிதியின் கணவருக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்களாம். வாடகை வீடாம். கடன் அட்டைகள் ஒரு பக்கம் இருக்க, உள்ளூர்க் கவுன்சிலுக்கான வரி கட்டாமல் போய், பாக்கிக்காக வீட்டுப் பொருட்களைப் பறிமுதல் செய்யும் பெய்லிஃப் வரப்போவதாக அறிவித்துவிட்டார்களாம்.

ஆலோசகர் உள்ளே வேறொருவரோடு இருந்தார். அதுவரை இவரை இருத்திவைப்பது என் பொறுப்பு. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் இருக்கிறார், பாவம், கொஞ்சம் இலகுவாகப் பேசுவோம் என்று நினைத்துக் கேட்டேன்:

"அக்கா ஊரில எந்தப் பக்கம்?"

முகம் மூடிக்கொண்டது. கடைக்கு ஷட்டர் இழுப்பதுபோல்.

"ஏன் பிள்ளை கேக்கிறீங்கள்?"

"இல்லை அக்கா, சும்மாதான்."

"ஆ. கார் பார்க்கிங் முடியப்போகுது. நான் பிறகு வாறன்."

முழங்கால்வரை நனைந்து வந்தவருக்குக் கார் எங்கே இருந்தது? எழுந்து போய்விட்டார். தொலைபேசி எண்கூட வாங்கவில்லை.

ஊர் எது என்பது இலங்கைத் தமிழரான எங்களிடையே நலமா என்று கேட்பதைப்போலத்தான். கோயிலில், கலியாண மண்டபத்தில், பேருந்தில், எங்கும் அதுதான் முதல் வாசகம். ஆனால் கடனில் இருப்பவருக்கு அதன் பொருள் வேறு: நீ யாருடைய மகள், என் கதை இன்று பின்னேரம் யார் வீட்டுக்குப் போகும்? இது எனக்கு விளங்கியது அவர் போன பிறகு. அதிலிருந்து நான் எடுத்த முடிவோ, வேறு. எனக்குப் பயிற்சி போதாது, பொறுத்தது போதும், காசைக் கட்டிப் படிப்போம். அவசரக்காரிகள் தங்கள் பிழையிலிருந்து படிக்கும் விதம் இதுதான்.

பிரசுரத்தில் இருந்த குட்மேய்ஸ் அக்கடமியை நடத்துபவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அன்றே அழைத்தார். கனிவான குரல். "தங்கச்சியின்ர ஆக்கள் ஊரில எவ்விடம்?" சொன்னேன். "அட! அப்ப வெம்பிளியில கடை வைச்சிருந்தவர் உங்களுக்கு என்ன முறை?" மாமா முறை. அதன்பிறகு கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்பதுகூட மரியாதைக் குறைவாகப் பட்டது. "ஞாயிறு திறந்த வகுப்பு இருக்கு, வந்து பாருங்கோ. அண்டைக்கே கட்டினாத்தான் இடம்" என்றார். ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை நமது மேற்பார்வையாளரிடம் சொன்னேன். தமிழர் அல்ல, அளந்து பேசுகிறவர். நகல் இயந்திரத்தில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்த மனிதருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?"

"எங்கள் கட்டணத்திலிருந்து."

"அது மட்டும்தானா?"

தாளை இழுத்தெடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்தது. சும்மா வேலை செய்கிற ஒருத்தி கைவிட்டுப் போகிறாளே என்று கேட்கிறாரோ?

குட்மேய்ஸில் ஒரு கடைக்கு மேலே இருந்தது அந்த வகுப்பு. படியில் ஏறும்போதே கீழே பொரிக்கும் ரோல்ஸ் வாசம். உள்ளே சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாமே அந்த அக்கடமி தனக்குத் தானே கொடுத்துக்கொண்டவை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். என்னைப்போல் படித்துவிட்டு அலுத்தவர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஏதாவது செய்ய நினைத்தவர்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படியான இடங்களில் கெட்டவர்கள் கூட்டமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

நான் கையைத் தூக்கினேன். "அண்ணை, முந்தி இங்க படிச்சவை இப்ப எங்க வேலை செய்யினம்?"

"எல்லாரும் நல்லா இருக்கினம் தங்கச்சி."

"எங்க அண்ணை?"

"எல்லா இடத்திலையும்."

சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். நான் விடவில்லை. "சொந்தமா ஒபிஸ் போடலாம் எண்டு போட்டிருக்கிறியள். இந்த நாட்டில கடன் ஆலோசனை குடுக்கிற இடத்துக்கு நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின்ர அனுமதி வேணுமெல்லோ? சேர்டிபிகேட்டை வைச்சுக்கொண்டு வீட்டு முன்னறையில இருக்க ஏலாதுதானே?"

"தங்கச்சி கனக்கப் படிச்சவ" என்றார் மற்றவர்களைப் பார்த்து. "பயப்பிடாதேங்கோ. அந்த அனுமதி எல்லாம் எங்களுக்குப் பின்னால நிக்கிற கொம்பனி பாக்கும்."

எந்தக் கொம்பனி என்று கேட்பதற்குள் அவர் கட்டணக் கழிவுக்குப் போய்விட்டார். "பயிற்சிக்கு உண்மையான ஆக்கள் வேணுமெல்லோ? உங்கட பக்கத்தில கஷ்டப்படுற மூண்டு குடும்பத்தின்ர பேரையும் நம்பரையும் தாங்கோ. பீஸில நல்லாக் குறைப்பன்."

அது மட்டும்தானா என்று மேற்பார்வையாளர் கேட்டது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. பின்னால் நிற்கிற கொம்பனிக்கு வேண்டியது எங்கள் கட்டணம் இல்லை. எங்கள் தொலைபேசியில் இருக்கிற ஆட்கள். எனக்கு அருகில் இருந்த பெண் ஏற்கெனவே எண்களைத் தேடத் தொடங்கியிருந்தார்.

அதை நான் விழுங்கிக்கொண்டிருக்கும்போது, "இண்டைக்கு ஒரு லைவ் கேஸ் பாப்பம்" என்று கதவைத் திறந்தார். முன்பு படித்த ஒருத்தி அழைத்துவந்த ஆள். உள்ளே வந்தது, மழையில் வந்த அதே அக்கா.

தன் பக்கத்துச் சனம் காணாத இடம் என்று நம்பி நகரத்தைக் கடந்து வந்திருக்க வேண்டும். என்னைக் கண்டார். அவருடைய கண் ஒரு சுவரைக் கடப்பதுபோல் என்னைக் கடந்து போனது. நம்முடைய விதி உங்களுக்குத் தெரியும்: நிலையத்துக்கு வெளியே, அவர்கள் முதலில் பேசாமல் நாம் பேசக்கூடாது, தெரிந்ததாகக் காட்டக்கூடாது. நானும் சுவராகவே இருந்தேன்.

அண்ணை அவரை முன்னால் இருத்தி, தேநீர் கொடுத்து, கேட்டார். "அக்கா ஊரில எவ்விடம்?"

இந்த முறை அவர் எழுந்து ஓடவில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எப்படி ஓடுவது? மெல்லிய குரலில் ஓர் ஊரைச் சொன்னார். உடனே பின்வரிசையில் ஒரு குரல், "ஐயோ, எங்கட பெரியம்மா ஆக்களின்ர இடமெல்லோ!" என்றது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அக்காவின் தோள்கள் சுருங்கியதை எத்தனை பேர் கண்டார்களோ தெரியாது.

அந்தக் கேள்வியை நான் கேட்டபோது ஆள் போய்விட்டது. அவர் கேட்டபோது ஆள் கட்டுப்பட்டுவிட்டது. இரண்டாவதுதான் மோசம். இனி அவர் இல்லை என்று சொன்னால், அது ஒரு வியாபாரிக்குச் சொல்வதாக இருக்காது. பெரியம்மா வீட்டுக்குச் சொல்வதாகிவிடும். வெம்பிளி மாமாவின் பெயரைக் கேட்டதும் நான் வாயடைத்துப்போனதும் இதனால்தான்.

"பாருங்கோ அக்கா, எல்லாக் கடனுக்கும் சேர்த்து எங்கட கொம்பனிக்கு மாசம் ஒரு சின்னத் தொகை. ஆறு வருஷம். கதை முடிஞ்சுது. இண்டைக்குக் கையெழுத்து வைச்சா நாளைக்கு ஒருத்தரும் போன் எடுக்க மாட்டினம்." பேனாவை நீட்டினார்.

அவருக்கு முதலில் தேவைப்பட்டது கதவுக்கு வரப்போகிற பெய்லிஃபைத் தடுப்பது. அதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. வாடகை வீட்டில் குறைந்த வருமானத்தோடு இருப்பவருக்கு, வருடக்கணக்கில் கட்டாமலே கடனைத் தீர்க்கும் வழிகள் இருக்கக்கூடும், அதையும் யாரும் சொல்லவில்லை. இதை நான் எழுந்து நின்று சொல்லலாம். சொன்னால், இவர் முன்பு ஸ்ட்ரெதமில் என்னிடம் வந்தவர் என்று அந்த அறைக்கே தெரிந்துவிடும். அந்த அறையில் பெரியம்மா ஆட்களும் இருக்கிறார்கள். சொல்லாவிட்டால் அவர் கையெழுத்து வைத்துவிடுவார். பேனா அவர் கைக்குப் போய்விட்டது.

மாணவியாகவே கையைத் தூக்கினேன்.

"அண்ணை, ஒரு சந்தேகம். நாளைக்கு நான் ஆலோசகரா இருக்கேக்க, வந்தவை 'இண்டைக்கே கையெழுத்து வைக்கவேணுமோ, வீட்ட கொண்டுபோய் வாசிக்க ஏலாதோ' எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

"ஏலும்... ஆனா தேவையில்லை எண்டு சொல்லுங்கோ."

"இடையில கட்ட ஏலாமப் போனா என்ன நடக்கும் எண்டு கேட்டா?"

"தங்கச்சி, கேஸ் முடியட்டும்."

"பெய்லிஃப் வீட்டுக்கு வரப்போறான் எண்டு ஆராவது வந்தா முதல்ல அதையல்லோ நிப்பாட்டவேணும்? இதுகளைச் சும்மா பாத்துத் தாற இடங்களும் இருக்குத்தானே. அதை அவைக்குச் சொல்ல வேண்டாமோ?"

நான் பார்த்தது அண்ணையை. பேசியது யாரோடு என்று அந்த அறையில் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

"உங்களை ஆர் இங்க அனுப்பினது?" பக்கத்துப் பெண் காதுக்குள் கேட்டார். பின்வரிசையிலிருந்து, "படிக்க வந்தனீங்களோ, படிப்பிக்க வந்தனீங்களோ?" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அந்தச் சிரிப்புக்குள் அக்கா பேனாவை மேசையில் வைத்தார். "தம்பி, கண்ணாடி கொண்டுவரேல்லை. உதைத் தாங்கோ, வீட்ட கொண்டுபோய்ப் பாத்திட்டு வாறன்."

கண்ணாடி அவருடைய தலையில்தான் இருந்தது. உச்சியில், எல்லோரும் காணும்படி. அத்தனை பேரும் கண்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியம்மா ஆட்களும்தான். அந்த மௌனத்துக்காக அவர்களுக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் அண்ணை என்னைப் படிவாசலில் பிடித்தார். கனிவு போய்விட்டிருந்தது. "நீங்கள் கட்டப்போறியளோ, இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"மாமாவோட நான் கதைக்கிறன்."

"கதையுங்கோ."

கதைத்தார். மாமா அம்மாவிடம் கதைத்தார். நாலு பேருக்கு முன்னால் ஒரு நல்ல மனுசனை நான் அவமானப்படுத்தியதாகக் கதை வீடு வந்து சேர்ந்தது. "உனக்கு எல்லாரிலையும் சந்தேகம். அப்பிடியெண்டா ஒருத்தரோடையும் சீவிக்க ஏலாது பிள்ளை" என்று சொல்லிவிட்டு, பல நாள் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மனிதர் மோசடிக்காரர் என்று என்னால் இன்றும் நிரூபிக்க முடியாது. ஒருவேளை தான் நல்லதே செய்வதாக அவரும் நம்பியிருக்கலாம். நான் கட்டாததற்கு நிரூபணம் தேவைப்படவில்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லை, அது போதும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன். காசு வாங்கும் பயிற்சி எல்லாம் களவு என்று நான் சொல்லவில்லை. நல்லவை இருக்கின்றன, அவற்றுக்கான காசைப் பெரும்பாலும் நாம் வேலை செய்யும் இடமே கட்டும். உங்கள் சொந்தக் காசைக் கேட்டால், படித்து முடித்தவர்களில் ஒருவரை, அவர் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பார்க்கக் கேளுங்கள். வருகிறவர் கையெழுத்து வைத்தால் யாருக்குக் காசு போகும் என்று கேளுங்கள். உங்களிடம் யாருடைய பெயரையாவது கேட்டால், கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்புங்கள். முதல் அழைப்பிலேயே உங்கள் ஊரைக் கேட்டு, அதன்பிறகு உங்களால் இல்லை என்று சொல்ல முடியாமல் போனால், காசைப் பற்றி அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நான் இங்கேயே காத்திருந்தேன். பயிற்சிக்கு இடம் கிடைக்க நான் நினைத்ததைவிட நெடுநாள் ஆனது. அதற்குள் அந்த அக்கா வருவார் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெய்லிஃப் வந்துவிட்டானோ, தாளில் கையெழுத்து வைத்துவிட்டாரோ, தெரியாது. தேடிப் போகவும் கூடாது. வந்தால் நானே உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பேன், இந்த முறை ஊரைக் கேட்க மாட்டேன் என்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

வந்தார். மேசைக்கு முன்னால் நின்று, என்னைப் பாராமல், ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். தமிழ் தெரியாத ஒருவர் வேண்டும்.

எங்கள் சமூகத்துக்கு எங்கள் மொழி பேசும் ஆலோசகர் என்று அந்தப் பிரசுரத்தில் இருந்ததை நானும் முழுமனதாக நம்பியிருந்தேன். அவர் கேட்டது எனக்கு உறைத்தது, உங்களிடம் மறைக்கவில்லை. உள்ளே போய், மேற்பார்வையாளரைக் கூட்டிவந்தேன். ஆங்கிலம் போதாத இடத்துக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்தேன். எங்கோ வேறு நகரத்தில், பெயர் தெரியாத ஒரு தமிழ்க் குரல். ஆளைக் காணாது, நாளை கோயிலில் சந்திக்காது. கதவைச் சாத்திவிட்டு முன்மேசைக்கு வந்து வீதியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நீண்ட நேரம் கழித்து வெளியே வந்தார். என் மேசையைத் தாண்டி வாசல்வரை போய், நின்று, திரும்பினார். தமிழில் சொன்னார்: "வீட்ட வாறம் எண்டவை இப்போதைக்கு வர மாட்டினமாம்."

"நல்லது அக்கா."

"பிள்ளை." சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். "நான் உங்களை வேற எங்கையும் கண்டதில்லை, என்ன?"

"எங்க அக்கா காணுறது? இண்டைக்குத்தானே முதல் முதல் சந்திக்கிறம்."

ஓம் என்று தலையாட்டிவிட்டு, கதவைத் தானே திறந்துகொண்டு போனார்.